பதினான்காவது வரி

செங்கல்பட்டு
1.7.2025

அன்புள்ள ஹரி,

டிபன் பையில் கடிதமா என்று கம்பெனி பஸ்ஸில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நான் கிளம்பும்போது நீங்கள் தூங்குகிறீர்கள். நீங்கள் ஷிப்ட் முடிந்து வரும்போது நான் தூங்குகிறேன். எங்கள் ஆபீஸில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மாலையில் திருப்பி வாங்கிப் பார்த்தால் அதிலும் பத்து வேலை வந்து கிடக்கிறது.

ஃபிரிட்ஜில் நீங்கள் ஒட்டிய லேமினேஷன் அட்டை அழகாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் அனுவின் பழைய ஸ்கூல் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து அன்றைய வேலைகளை எழுதுவேன். முடிந்ததை அடிப்பேன், முடியாததோடு தாளைக் கசக்கிப் போட்டுவிடுவேன். இப்போது நேரத்துக்கு ஒரு கட்டம், முடிந்தால் பச்சை, முடியாவிட்டால் சிவப்பு. நேற்று இருபத்திரண்டில் ஒன்பது சிவப்பு. தோசை வார்க்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ முறைப்பது மாதிரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்தான் இருப்பதிலேயே நீளம்.

அதற்காகக் கழற்றிவிடாதீர்கள். எழுதாவிட்டால் தலைக்குள் மிக்ஸி ஓடுகிறது.

எலுமிச்சை சாதம் வைத்திருக்கிறேன். ஊறுகாயை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
பிரதீபா

*

2.7.2025

அன்புள்ள பிரதீபா,

காபித்தூள் டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன். காலையில் முதலில் உன் கை அங்கேதான் போகும்.

பிளான்டில் எங்கள் லைனில் இப்படி ஒரு போர்டு வைத்த பிறகுதான் எல்லோருக்கும் டென்ஷன் குறைந்தது. அந்த நம்பிக்கையில்தான் உனக்கும் செய்தேன். பிளான்ட் பழக்கத்தில் தினமும் அட்டையைப் போட்டோ எடுத்துவைத்தேன், எந்த வேலை தேங்குகிறது என்று பார்க்க. இன்று எல்லாவற்றையும் வரிசையாகப் புரட்டினேன்.

பதினான்காவது வரி: ‘ஹரியோடு பேச – 10 நிமிடம்.’ பதினொரு நாளாகச் சிவப்பு.

கேஸ் புக் செய்வதற்கும் அனுவின் யூனிஃபார்முக்கும் நடுவில் நான். கோபம் இல்லை, வருத்தம்தான். நானும் உனக்கு ஒரு வேலையாகிவிட்டேன் என்றால் அது வேண்டாம். அந்த வரியை நானே அடித்துவிட்டேன். உனக்கு ஒன்றாவது குறையட்டும்.

ஹரிகிருஷ்ணன்

*

4.7.2025

அன்புள்ள ஹரி,

அடித்திருந்ததை நேற்றுக் காலையில் பார்த்தேன். மாலையில் ஆபீஸ் பஸ் வந்து நின்றது. ஏறத் தோன்றவில்லை. ஆபீஸுக்குப் பக்கத்திலிருக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கு நடந்துபோய்க் கோட்டைச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அழக்கூட இல்லை. எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு ஒன்று ரொம்ப நாளாக இருக்கிறது. அதற்கு உங்கள் அட்டையில் கட்டம் இல்லை.

மீன் விற்கும் எல்லம்மாள், கூடையை இறக்கிவிட்டு, “இன்னாம்மா, வூட்டுக்குப் போவாம இங்க குந்திகினு கீற?” என்று கேட்டாள்.

“டயர்டா இருக்குக்கா.”

“அப்போ குந்திக்கோ. யாரு இன்னா கேக்கப் போறா?”

ஒரு மணி நேரம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கீழ் வீட்டு ஞானம்பாள் மாமியே அனுவுக்குச் சாப்பாடு கொடுத்திருந்தார்.

ஒன்று சொல்லவேண்டும். அட்டையைத் தினமும் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் எழுதுகிறேன். இரண்டு நாள் தள்ளிப்போன வேலையை மூன்றாம் நாள் எழுதுவதே இல்லை. பரண் சுத்தம் செய்வது அப்படித்தான் போனது. உங்கள் வரியை மட்டும் பதினொரு நாளும் எழுதினேன். எழுதாமல் விட்டால், பேசாமல் இருப்பது நமக்குப் பழகிவிடுமோ என்று பயமாக இருந்தது. நீங்கள் அதைப் போய் அடித்துவிட்டீர்கள்.

பிரதீபா

*

5.7.2025

என் பிரதீபா,

உன் கடிதத்தை கேன்டீனில் படித்தேன். என்னை முட்டாள் என்று நீ எழுதவில்லை. நானே எழுதிக்கொள்கிறேன்.

அட்டையைக் கழற்றிவிட்டேன். நோட்டுத் தாளும் பேனாவும் அதே இடத்தில் இருக்கின்றன. போட்டோக்களில் இன்னொன்றும் பார்த்தேன்: இருபத்திரண்டு வேலையில் ஒன்றில்கூட என் கையெழுத்து இல்லை. நீ வேகமாக ஓட நான் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் லைன் ராஜாராமிடம் ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். திங்கள் முதல் எனக்குக் காலை ஷிப்ட். அன்று முடிந்ததும் அனுவைக் கூட்டிக்கொண்டு உன் ஆபீஸ் வாசலில் நிற்பேன். பஸ்ஸில் ஏறிவிடாதே.

உன்
ஹரி

*

8.7.2025

அன்புள்ள ஹரி,

இனிக் கடிதம் தேவையில்லைதான். ஆனாலும் ஒன்று வைக்கிறேன், உங்கள் டிபன் பைக்குப் பழகிவிட்டது.

நேற்று வாசலில் உங்கள் இரண்டு பேரையும் பார்த்ததும் போனைத் திருப்பி வாங்க மறந்தே போனேன். பாதி வழியிலிருந்து அதற்காகத் திரும்பி ஓடினோமே! கோட்டைப் பக்கம் எல்லம்மாள், “இன்னிக்கு குடும்பத்தோட குந்த வந்துட்டியா?” என்று கேட்டபோது உங்கள் முகம் போன போக்கை நினைத்து பஸ்ஸிலும் சிரிப்பேன். நானேதான் பேசிக்கொண்டிருந்தேன். மூன்று மாதக் கதை. நீங்கள் ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை, அதுதான் ஆச்சரியம்.

களைப்பு போய்விடவில்லை. ஒரு மாலையில் போகிற களைப்பா அது! பட்டியலையும் விடமாட்டேன். ஆனால் இன்றைய தாளில் ஏழே வரி, அதில் நாலு உங்கள் கையெழுத்து. தோசை மாவும் உங்கள் பெயரில் இருக்கிறது, ஜாக்கிரதை.

ஏழாவது, நம் பழைய வரி. நேற்றுதான் பேசிவிட்டோமே, அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். ‘10 நிமிடம்’ என்பதை மட்டும் அடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறேன்.

உங்கள்
பிரதீபா