செலவழிக்காத முப்பத்தெட்டுப் புள்ளிகள்

பாபநாசம்
7.12.2025, ஞாயிறு

அன்பு மகள் ஜெயபாரதிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீ நலம் என்பதை, வாட்ஸ்அப்பில் நீ கடைசியாக வந்துபோன நேரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். மழை நின்று வயலில் தேங்கியிருந்த தண்ணீர் வடிந்துவிட்டது, சம்பா கதிர் தள்ளப் பொதி கட்டி நிற்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. போனில் பேசினால் இந்த மழைக்கு மேல் எனக்குப் பேச வராது, அதனால்தான் எழுதுகிறேன். வேறு தாளில் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு இதைப் படியெடுத்திருக்கிறேன். அம்மா போனில் படம் பிடித்து அனுப்புவாள்.

இன்றைக்கும் காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்பது வரை உட்கார்ந்திருந்தேன். கல்கரியில் உனக்குச் சனிக்கிழமை சாயங்காலம். நீ வரவில்லை. இதோடு மூன்று ஞாயிறு ஆகிறது. விளையாட்டில் உன் ஆள் வேம்பு செத்துப்போனதற்கு நான்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். நீ அன்றைக்குப் பரவாயில்லப்பா என்றாய். நீ சின்ன வயதிலிருந்தே பரவாயில்லை என்று சொன்ன இடங்களையெல்லாம் யோசித்துப் பார்த்தேன், ஒரு இடத்தில்கூட அது பரவாயில்லாமல் இருந்ததில்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நீ வந்திருந்தபோது இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை ஏற்றிக்கொடுத்து, ஆளை நீங்களே உருவாக்குங்கப்பா என்றாய். முகத்துக்கே எனக்கு நான்கு ஞாயிறு போயிற்று. மூக்கில் இருபத்திரண்டு வகை இருந்தும் மூக்குக்கண்ணாடி ஒன்றுகூட இல்லை. நடுவில் வழுக்கையும் ஓரத்தில் நரையும் கேட்டால் அது முழு மொட்டைதான் தருகிறது. என்னைப் போலவே செய்ய நான் பட்ட பாட்டைப் பார்த்து அம்மா, விளையாட்டுலயாவது கொஞ்சம் தைரியமான மூஞ்சியா வைங்களேன் என்றாள். சண்டை போடத் தெரியாது என்று வைத்தியர் வேலையை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு படி ஏறும்போதும் இரண்டு புள்ளி தருவார்கள், அதைக் காயம் ஆற்றுவதிலோ உயிர் மீட்பதிலோ போட்டு வித்தையை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்க முடியாது என்று அதே திரையில் எழுதியிருந்தது. அதைப் படித்த பிறகு எனக்குக் கை வரவில்லை. நோட்டில் கட்டம் போட்டு எதற்கு எத்தனை என்று கணக்குப் பார்த்தேன், அழித்தேன், மறுபடி பார்த்தேன். முப்பத்தோரு வருஷம் விதைப் பரிசோதனை நிலையத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் நானூறு விதை எண்ணி முளைக்கவைத்துப் பார்த்தவன். விதைநெல்லில் கை வைக்காதே என்று கேட்டு வளர்ந்தவன். புள்ளி கையில் இருக்கிறது, முழுகிப்போகவில்லை, தகுந்த சமயத்தில் போடலாம் என்றே இருந்துவிட்டேன்.

அந்தச் சதுப்புநிலத்துக் குகையில் வேம்பு விழுந்தபோது நீ, அப்பா உயிர் மீட்கிறத போடுங்க, பத்து செகண்டுதான் இருக்கு என்றாய். நான் தேடினேன், அது பூட்டியிருந்தது. எத்தனை பாயிண்ட் வச்சிருக்கீங்க என்றாய். முப்பத்தெட்டு என்றேன். அதற்குள் பத்து செகண்டு முடிந்துவிட்டது. நான்கு வருஷம் நீ வளர்த்த பெண், தாடையில் தழும்பு வைத்து, வில்லுக்கு நீயே நிறம் தேர்ந்தெடுத்து. செத்தால் மறுபடி எழ முடியாத முறையில்தான் நீ ஆடுகிறாய் என்பதுகூட எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். விதைநெல்லுன்னா விதைக்கணுங்க, வைக்கோல்ல கோட்டை கட்டி வச்சு பாத்துக்கிட்டே இருந்தா எலிதான் திங்கும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் விளையாட்டை மட்டும் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

உனக்கும் இளஞ்செழியனுக்கும் போன தையிலேயே விவாகரத்துத் தீர்ப்பாகிவிட்டது. பெரியப்பாவிடம் நீங்களே சொல்லிடுங்கப்பா, தமிழ்நிலா கல்யாணத்துக்கு வந்து நின்னு ஒவ்வொருத்தருக்கா என்னால பதில் சொல்ல முடியாது, சொல்லலேன்னா நான் வரல என்று ஆவணியில் நீ கேட்டாய். நான் சரி என்றேன். பிறகு நாற்று நடவு முடியட்டும் என்றேன், தீபாவளி போகட்டும் என்றேன், அண்ணனுக்குச் சர்க்கரை குறையட்டும் என்றேன். போன வாரம் அண்ணன் மகள் தமிழ்நிலாவின் கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃப் வந்தது. நம் வீட்டில் பிழை பார்ப்பது எப்போதும் நான்தானே. பெண்ணின் பெரியவர்கள், சித்தப்பா, சித்தி என்று வந்து, கடைசியில் இளஞ்செழியன் – ஜெயபாரதி, கனடா என்று அச்சாகியிருந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. இரண்டு நாள் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெயரைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் வலங்கைமானில் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அண்ணன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். என்னடா நாகு, மாப்பிள்ளை பேரை அடிச்சிருக்க, வேற எழுத்தா போடணும் என்றார். ஆமாம் என்று சொல்லித் தப்பிக்க அங்கேயும் ஒரு வழி இருந்தது, உன்னிடம் மறைக்க மாட்டேன். இல்லண்ணே, அந்தப் பேரு வேண்டாம், அவங்க பிரிஞ்சு பதினோரு மாசம் ஆச்சு, பாரதி மேல தப்பில்ல, சொல்லாதது என் தப்பு என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். பதினோரு மாசமா எங்கிட்ட மறைச்சிருக்க, நான் என்ன தெருவுல போறவனா என்று கேட்டுவிட்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. அண்ணி சாப்பிடச் சொன்னார்கள், எனக்கு இறங்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது போன் வந்தது. அண்ணன் என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அவ பேரு மட்டும் மொட்டையா நிக்குது, படிச்ச படிப்பையும் சேத்துப் போடச் சொல்லு என்று சொல்லி வைத்துவிட்டார். இன்னும் என்னோடு பேச்சில்லை. கல்யாணத்தில் பேசுவாரா என்றும் தெரியாது. உறவுக்காரர்கள் உன்னிடம் கேட்கமாட்டார்கள் என்றும் என்னால் சொல்ல முடியாது. கேட்டால் நான் பக்கத்தில் நிற்பேன், அது மட்டும் முடியும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறக்காமலே முப்பத்தெட்டுப் புள்ளியையும் போட்டுவிட்டேன். இருபது உயிர் மீட்பதற்கு. மீதி எதில் விழுந்தது என்று சரியாகப் பார்க்கவில்லை, தப்பாகக்கூட இருக்கலாம். வேம்பு வரமாட்டாள் என்று தெரியும், பாரதி. நான்தான் காலம் கடத்திவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. பனியில் கார் ஓட்டும்போது அவசரப்படாதே. நீ நினைத்தபடி வாழ எங்கள் இருவருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. அச்சகத்தில் வியாழன் வரை காத்திருப்பார்கள், உன் படிப்பை எம்.எஸ். என்று மட்டும் போடலாமா, பாடத்தையும் சேர்க்கவா என்று ஒரு வரி எழுது. வருகிற ஞாயிறு எட்டு மணிக்கு நான் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பேன். நீ புது ஆளை உருவாக்க எத்தனை ஞாயிறு எடுத்துக்கொண்டாலும் சரி.

உன் அப்பா,
நாகநாதன்