பச்சை வல்லாரை

12 மார்ச் 1958, புதன்

என் வீட்டுக்காரருக்கு மறதி வந்ததிலிருந்து தினமும் வாய்க்காலோரம் வல்லாரை பறித்து, அவித்து, துவையல் அரைத்து வைக்கிறேன். அவர் தொடுவதே இல்லை.

இன்று செமாபோக் ஊரிலிருந்து அவர் தங்கை கமலா வந்தாள்.

"அவிச்சா சத்தெல்லாம் தண்ணியோட போயிடும் அண்ணி. நரம்புக்குப் பச்சையாத்தான் கொடுக்கணும். மலாய்க்காரங்க அப்படித்தானே சாப்பிடுறாங்க?"

நான் பறித்த கீரையையே, இறால் விழுதும் மிளகாயும் இடித்த சம்பல் பிளாச்சானில் தோய்த்து ஊட்டினாள். தட்டு காலி.

"நல்லா இருக்கு, கமலா" என்றார்.

நேற்று என்னை 'நர்ஸம்மா' என்று கூப்பிட்ட மனிதர்!

அவள் போன பிறகு மிச்சக் கீரையைக் குப்பையில் கொட்டினேன். பிறகு நானே பொறுக்கிக் கழுவி வைத்தேன்.

நாளை பச்சையாகவே கொடுப்பேன். சாமி, அவர் குணமாக வேண்டும். ஆனால் என் கையால் குணமாக வேண்டும்.