போனை வைக்கச் சொன்ன ‘வாரேன்’

என்னைக் கடைசிவரை ‘கண்ணு’ என்றே கூப்பிட்ட சாந்தாக்காவுக்கு,

இன்று ஒரே நாளில் பீளமேட்டிலிருந்து கர்நூல் வரை நான் மட்டும் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். இடுப்பு கழன்று கையில் வந்துவிடும்போல் இருக்கிறது. லாட்ஜ் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, வெளிச்சம் போவதற்குள் இதை எழுதுகிறேன். நாளைக்கு நாக்பூர் போய் மகனைப் பார்க்க வேண்டும். காலேஜ் லைப்ரரியில் புத்தகம் அடுக்குகிறவளுக்கு ரயில் இல்லையா என்று வீட்டில் கேட்டார்கள். ரயிலில் போனால் பக்கத்து சீட்டில் யாராவது இருப்பார்கள். எனக்கு அந்த சீட் காலியாக வேண்டியிருந்தது.

அவிநாசி ரோட்டில் மேம்பாலம் திறந்துவிட்டார்கள், அக்கா. விடிவதற்கு முன்பே அதன்மேல் ஏறினேன், ஒரு சிக்னல்கூட இல்லை. “இந்தப் பாலத்தக் கட்டி முடிக்கறதுக்குள்ள நான் போயிச் சேந்துருவேன் கண்ணு” என்று சிரித்தாயே. சொன்னபடியே செய்துவிட்டாய்.

இதை உனக்கு மட்டும் எழுதிக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் நான் பொய் சொன்னது நாலு பேர் முன்னால். அதனால் இதையும் நாலு பேர் படிக்கட்டும்.

ஐம்பது வயதில் நான் லைசென்ஸ் வாங்கியபோது எல்லோரும் பயந்தார்கள். நீ மட்டும்தான் சந்தோஷப்பட்டாய். “நேரா வடக்கால போலாங் கண்ணு. போர்டுல நம்ம எழுத்து எங்க முடியுதுன்னு பாத்துப்போட்டு வந்தர்லாம்” என்றாய். வெள்ளகோவிலை விட்டால் கரூர், காங்கேயம், மிஞ்சிப்போனால் பழனி என்று இருந்தவள் கேட்ட ஒரே ஊர் சுற்றல் அதுதான்.

அப்புறம் அந்த ஊட்டிக் கல்யாணம் வந்தது. காலேஜில் என்னோடு வேலை செய்யும் தோழிகள் இரண்டு பேரும் வண்டியில் இருக்க, மேட்டுப்பாளையம் தாண்டி நாலாவது வளைவில் நீ வாந்தி எடுத்தாய். அவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினார்கள். நான் உனக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே காதோரம் சொன்னேன், “எம் மானத்த வாங்காதக்கா.” நீ முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஊட்டி வரைக்கும் பேசவேயில்லை. அன்றைக்கே நான் மன்னிப்புக் கேட்டிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்குமா?

அடுத்த தை மாதம் அதே தோழிகளோடு பெங்களூர் வழியாக ஹம்பி போகத் திட்டம் போட்டோம். உனக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் போன் செய்தாய்.

“ஏங்கண்ணு, வண்டில எடமிருந்தா நானும் வரட்டா? நான் பின்னால ஒரு ஓரத்துல உக்காந்துக்கறேன்.”

“பாக்கலாங்க்கா.”

“காலைல எத்தன மணிக்குக் கெளம்பறீங்க?”

“அஞ்சு மணிக்குங்க்கா. செரிக்கா, வாரேன்” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

நம் பக்கத்தில் யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. வாசலிறங்கினாலும் வாரேன், போனை வைத்தாலும் வாரேன். நிஜமாக வருவதற்கும் அதே வார்த்தைதான். நீ அதை எப்படி எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும், அக்கா. தெரிந்தேதான் சொன்னேன். ‘இடமில்லை’ என்று சொல்ல வாய் வரவில்லை, ‘வா’ என்று சொல்ல மனசு வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ள அந்த வார்த்தை வசதியாக இருந்தது.

மறுநாள் தொப்பூர் இறக்கத்தில் என் போன் அடித்தது. திரையில் உன் பேர். “யாருங்க மேடம்?” என்று தோழி கேட்டாள். “லோன் வேணுமான்னு கேக்கறவங்க” என்று சொல்லிச் சத்தத்தை நிறுத்தினேன். அப்புறம் மூன்று தடவை கூப்பிட்டிருந்தாய். இன்றைக்கு அதே இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக இறங்கும்போது காரில் நான் ஒருத்திதான். ஆனாலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று ராத்திரி நானே கூப்பிட்டேன். “வாரேன்னு சொன்னியேன்னு பதினோரு மணி வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தனாக்கும்” என்றாய். “அய்யோ அக்கா, அது போன் வெக்கறதுக்குச் சொன்னதுங்க்கா” என்றேன். “அட ஆமா! நாந்தான் கிறுக்கியாட்ட நெனச்சுட்டேன்” என்று சிரித்தாய். உனக்கு உண்மை தெரிந்துதான் சிரித்தாயா, அக்கா?

ஒன்பது மாதத்தில் நீ போய்விட்டாய். துக்கத்துக்கு வந்தவர்கள் மத்தியில் இந்தக் கதையைச் சொன்னது யார் தெரியுமா? நானேதான். ‘பாவம் எங்கக்கா, நான் போனை வைப்பதற்காகச் சொன்னதை வேறு மாதிரி நினைத்துக்கொண்டு காத்திருந்தாள்’ என்று சொன்னேன். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அதோடு அது குடும்பக் கதையாகிவிட்டது. இப்போது நம் வீட்டில் யார் வாரேன் என்றாலும், ‘போன் வெக்கறதுக்கா, வர்றதுக்கா?’ என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.

போன மாதம் உன் வருஷத் திதி. வடை சுட்டுக்கொண்டே உன் மருமகள் கவிதா சொன்னாள், “அத்தை அன்னிக்குப் பச்சத் தண்ணிகூடக் குடிக்கலீங்க சின்னத்தை. முந்தின நாளே மெடிக்கல்ல வாந்தி மாத்திரை வாங்கி வெச்சுட்டாங்க. நாலு கேரி பேக்கும் மடிச்சு வெச்சுக்கிட்டாங்க. ‘தங்கச்சி கூட்டாளிக முன்னால சங்கட்டப்படக் கூடாது’ன்னாங்க.”

அவள் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு வடையைத் திருப்பிப் போட்டாள். நான் கொல்லைப்புறம் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அடுத்த வாரமே இந்தப் பயணத்துக்கு நாள் குறித்தேன்.

நம் எழுத்து ஓசூர் தாண்டியதும் முடிந்துவிடுகிறது, அக்கா. அப்புறம் கன்னடம், பாகேபல்லிக்கு மேல் தெலுங்கு. நீ கேட்ட இடத்தைப் பார்த்துவிட்டேன். வண்டியை ஓரம் கட்டி ஐந்து நிமிஷம் நின்றேன். ஒரு பெட்ரோல் பங்கும், வெயிலில் காயும் ஒரு விளம்பரப் பலகையும்தான் இருந்தன. நீ இருந்திருந்தால் அதற்கே வாய் ஓயாமல் பேசியிருப்பாய்.

அனந்தபூர் தாண்டி ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் டீயைக் குடித்துவிட்டு, கடைக்காரம்மாவிடம் “வஸ்தானம்மா” என்று சொல்லி எழுந்து போனார். நம் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் பேசிக் கேட்டதில் எனக்கு அது புரியும். அவரும் வாரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார். மொழி மாறியும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இங்கே வந்து சேர்ந்ததும் முதலில் கவிதாவைக் கூப்பிட்டேன். “வர்ற வெள்ளிக்கெழம திரும்பறப்ப நேரா வெள்ளகோயிலுக்கு வாரேன் கண்ணு. எல்லாரையும் ஊட்ல இருக்கச் சொல்லு, ஒண்ணு சொல்லோணும்” என்றேன்.

அவள் சிரித்தாள். “போன் வெக்கறதுக்குச் சொல்றீங்களா, நெசமாலுமே வர்றதுக்கா, சின்னத்தை?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “வர்றதுக்குத்தாங் கண்ணு” என்றேன்.

அக்கா, நீ கிறுக்கியாட்ட நினைக்கவில்லை, சரியாகத்தான் நினைத்தாய் என்று வெள்ளிக்கிழமை உன் வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்வேன். அதற்குப் பிறகு அந்தக் கதையைச் சொல்லி யாரும் சிரிக்க மாட்டார்கள். என்னை என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். அன்று நீ உட்கார்ந்திருந்த வாசலுக்குத்தான் வாரேன்.

உன் மானத்தை வாங்கிய
தங்கச்சி