அந்த வயரைக் கழற்றிவிட்டு வா

மல்லாங்கிணறு,
ஆடி 20.

அன்பு மகன் பாண்டிச்செல்வத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சி பிரீத்தியும் இருக்கன்குடி மாரியாத்தாள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று அடுத்த வரி எழுதுவதுதான் வழக்கம். அந்தச் சுகத்தைப் பற்றித்தான் உன்னோடு சண்டையே, அதனால் அதைக் கடைசியில் எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் குரலை உயர்த்தியதும் "சரிப்பா, இங்கன டவர் இல்ல" என்று வைத்துவிடுகிறாய். ஓமனில் எனக்கு மட்டும் டவர் இல்லாமல் போகிறது. இதை எழுதி முடித்ததும் பிரீத்தி படம் எடுத்து அனுப்புவாள், இன்றைக்கே முழுசாகப் படி.

முதலில் வீட்டுச் சேதி. மழை இல்லை, மக்காச்சோளம் போடலாமா வேண்டாமா என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிரீத்தி கல்யாணப் பத்திரிகை சிவகாசியில் அடிக்கக் கொடுத்தாயிற்று, மாப்பிள்ளை வீட்டில் அட்டைக்கு மஞ்சள் பத்தவில்லை என்கிறார்கள், அது ஒரு அலைச்சல். எங்கள் பட்டாசுக் கம்பெனியில் சீசன் சூடு பிடித்துவிட்டது. போன வாரம் லோடு ஏற்ற அவசரம் என்று ஒரு ஷெட்டின் பின்கதவை மறைத்துப் பெட்டியாக அடுக்கிவிட்டார்கள். போர்மேன் என்று பேருக்காவது என்னை வைத்திருக்கிறார்களே, பெட்டியை எடுக்கிறவரைக்கும் யாரும் உட்காரக் கூடாது என்று வேலையை நிறுத்திவிட்டேன். முதலாளி மூன்று நாளாக என் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்க்காவிட்டால் போகட்டும். உன் அம்மா மட்டும் "ஊர்ல ஒங்களுக்கு மட்டுந்தான் கதவு தெரியுதா, வேலை போச்சுன்னா கல்யாணத்துக்கு என்ன செய்வீக" என்று பிடித்துக்கொண்டாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ கேடயம் வாங்கும் படத்தை அனுப்பினாய், கூடவே கம்பெனி பேர் போட்ட பளபளச் சட்டை ஒன்று எனக்கு வந்தது. உன் அம்மா சாத்தூர்ச் சேவு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தாள். எதற்குக் கேடயம் என்று கேட்டேன், நீ குரல் பதிவில் விளக்கமாகச் சொன்னாய். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பூமியிலிருந்து வரும் எண்ணெய் உப்புத்தண்ணீரையும் சேர்த்துக்கொண்டுதான் வரும், பெரிய துளி என்றால் தானாக அடியில் படியும், ஆனால் குழாயிலும் வால்விலும் அடிபட்டுப் பொடித்துளியாகிவிட்டால் எண்ணெய்க்குள்ளேயே மிதந்துகொண்டு கிடக்கும் என்றாய். அதைச் சூடாக்கி, ரசாயனம் விட்டு, மூடிய பெரிய தொட்டிக்குள் அனுப்பி, உள்ளே தொங்கும் கம்பி வலைகளுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுப்பீர்களாம். கரண்ட் வேகத்தில் ஒவ்வொரு துளியிலும் ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ் என்றாகி, பக்கத்துத் துளியை இழுத்து ஒட்டிக்கொள்ளுமாம், ஒட்டி ஒட்டிப் பெருத்துக் கனத்து அடியில் இறங்குமாம், மேலே நல்ல எண்ணெய் வெளியேறுமாம். கேட்கும்போது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அந்த மாதிரி உடம்பிலும் துணியிலும் ஏறி நிற்கும் ஸ்டேடிக் கரண்டுக்குப் பயந்துதானே நாங்கள் பட்டாசு மருந்து அறை வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகிறோம், நைலான் சேலை கட்டி வந்தவளை வாசலோடு திருப்பி அனுப்புகிறோம். அந்தச் சனியனையே பிடித்துக் கூலிக்கு வைத்துவிட்டார்களே என்று நினைத்தேன்.

அதற்கு அப்புறம் நீ சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். அந்தத் தொட்டி எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும், மட்டம் இறங்கி மேலே கேஸ் சேர்ந்தால், பொறி பட்டுப் பத்திவிடாமல் மிதவை இறங்கிக் கரண்டைத் தானாக நிறுத்திவிடும் என்றாய். மிதவை கோளாறாகிச் சும்மா சும்மா கரண்டை நிறுத்தியதாம், தண்ணீர் பிரியாமல் எண்ணெய் போனதாம், மேலதிகாரி கத்தினாராம், நீ சுவிட்சில் ஒரு துண்டு வயரைக் கொடுத்து மிதவை இறங்கினாலும் கரண்ட் நிற்காதபடி பண்ணிவிட்டாயாம். அதிலிருந்து பிளான்ட் நிற்கவே இல்லையாம். அதற்குக் கேடயம். இதற்கா நாங்கள் சேவு கொடுத்தோம்? ஏண்டா, கோளாறான மிதவையை மாற்றச் சொல்ல உனக்கு வாய் இல்லையா? காவலுக்கு நிற்கிறவன் வாயில் துணியை அடைத்துவிட்டு, வீடு அமைதியாக இருக்கிறது என்று சொல்வாயா? எங்கள் ஷெட்டில் கதவை மறைத்தவனும் யாராவது சாகட்டும் என்று மறைக்கவில்லை, அவசரம் என்றுதான் மறைத்தான். நீ அவனையும் மிஞ்சிவிட்டாய், அவனுக்கு யாரும் கேடயம் கொடுக்கவில்லை.

போனில் கேட்டால் சிரிக்கிறாய். "எப்பா, உள்ள காத்தே கெடையாது, காத்து இல்லாம எப்பிடிப் பத்தும்" என்கிறாய். சரி, நீ படித்தவன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ கல்யாண லீவில் இங்கே வந்திருக்கும்போது அந்தத் தொட்டியைத் திறந்து சுத்தம் செய்து மறுபடி ஓட்டப் போகிறார்கள் என்று உன் அம்மாவிடம் நீதானே சொன்னாய்? திறந்த தொட்டிக்குள் காற்று போகாமல் வேறு என்ன போகும்? பாதி நிறையும்போது எவனாவது கரண்டைப் போட்டால் தடுக்கிறதற்கு அந்த மிதவையை விட்டால் யார் இருக்கிறார்கள்? அன்றைக்கு உன் இடத்தில் நிற்கப்போவது யார் என்று யோசித்தாயா? நீயே சிபாரிசு செய்து கூட்டிப்போன ஜெயபாண்டி. வயர் இருப்பது அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன், "அவன்ட்ட சொன்னா அங்க இங்க ஒளறிருவான்ப்பா" என்கிறாய். நேற்று அவன் அம்மா பாண்டிலட்சுமி ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொண்டுவந்து, "அண்ணே, ஒங்க பிள்ளை இருக்கிற தைரியத்துலதான் நான் தூங்குறேன்" என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. அந்தக் கத்தரிக்காய்க் குழம்பை நான் தொடவில்லை. உன் அம்மா அதற்கும் திட்டினாள்.

அதனால் இதுதான் முடிவு. மிதவையை மாற்றச் சொல்லி எழுத்தில் கொடு, வயரைக் கழற்று, கழற்றியதை ஜெயபாண்டியைக் கூப்பிட்டுக் காட்டு. அவன் என்னிடம் போனில் சொல்ல வேண்டும், நீ சொன்னால் நான் நம்பமாட்டேன். பிளான்ட் நின்றால் நிற்கட்டும், உன்னைத் திட்டினால் வாங்கிக்கொள், கேடயத்தைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடு. அந்தச் சட்டையை இன்னும் கவரிலேயே வைத்திருக்கிறேன்.

வெயிலில் மோர் குடி, இரவில் கண் முழித்துப் போனை நோண்டாதே. உடம்புக்கு ஒரு குறையும் வராமல், செய்கிற வேலையில் பேர் கெடாமல், நெடுநாள் சுகமாக இரு. இருக்கன்குடி மாரி உனக்கும் ஜெயபாண்டிக்கும் துணை நிற்கட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். கல்யாணத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டாயாம், உன் அம்மா நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். வயர் அங்கே இருந்தால் நீ இங்கே வர வேண்டாம். மாப்பிள்ளைத் தோழனாக வேறு பையனை நிறுத்திக்கொள்வேன். பாண்டிலட்சுமிக்கு வேறு பிள்ளை கிடையாது.

இப்படிக்கு,
உன் அப்பா
சுந்தரபாண்டி