இரண்டாம் தடவை கேட்காத ஊர்

சோமனூர்,
புதன்கிழமை

அன்பு மகள் அன்புக்கரசிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், நீயும் சுகமாக இருந்து வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்றே எடுத்துக்கொள்கிறேன். மழை பேருக்குத் தூறிவிட்டுப் போயிற்று, பக்கத்து வீட்டுத் தறி ஓய்ந்தபாடில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. போனில் என்னைப் பேச விடாமல் அவளே பேசி முடித்துவிடுகிறாள், அதனால்தான் இதை எழுதி உன் மாமன் மகன் மோகன்குமாரிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

நீ அழுததாக அவள் சொன்னாள். சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஆராய்ச்சி முழுக்க நீ செய்தது, பாரிஸ் மாநாட்டில் அதைப் பேசப்போவது உன்னோடு வேலை செய்கிற வேறொரு பெண் என்றால் எனக்கும் வருத்தம்தான். ஆனால் உன் பேராசிரியர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் முதலில் உன்னைத்தான் கேட்டிருக்கிறார். நீதான், "எனக்கென்ன தெரியும், என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்களே" என்று பதில் போட்டுவிட்டு, அவர் மறுபடி வற்புறுத்துவார் என்று காத்திருந்தாய். போன வாரம் அந்தியூரில் திருமலைசாமி மாமா சாப்பிடக் கூப்பிட்டபோது நானும் இப்பத்தானுங்க ஆச்சு என்றேன், வயிறு காய்ந்துகொண்டுதான் இருந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்து இலை முன்னால் உட்காரவைத்தார். நீ இருக்கிற வெள்ளைக்கார ஊரில் கையைப் பிடித்து இழுக்க ஆள் இல்லை. அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர்கள் நம்மை மதிக்கவில்லை என்கிறாள் உன் அம்மா, எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இப்போது நீ பேராசிரியருக்கு எழுதி, அனுப்புமுன் பார்க்கச் சொல்லி மோகன்குமாருக்கு அனுப்பிய இங்கிலீஷ் மெயிலை அவன் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன். அவர் உடம்பை விசாரித்திருக்கிறாய், அவர் சம்சாரத்தின் தோட்டத்தை விசாரித்திருக்கிறாய், வரிக்கு வரி நன்றி, நடுநடுவே மன்னிப்பு. முடித்துவிட்டு, "மாமா, இதுல அன்பு என்னதானுங்க கேட்டிருக்குது?" என்று அவன் என்னைக் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. பேசுகிறவர் பெயரை வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுவார்கள் என்கிறாய், அதற்குப் பிறகு மாற்ற முடியாது. என் வேலையை நானே பேச ஆசைப்படுகிறேன் என்று முதல் வரியிலேயே போடு, தோட்டத்தைப் பிறகு விசாரிக்கலாம். அப்புறமும் அவர் மறுத்தால் மறுக்கட்டும்.

இன்னொன்று. தீபாவளிக்கு வரட்டுமா என்று போன மாதம் கேட்டாய். எதுக்குங் கண்ணு வீண் அலைச்சல் என்றாள் அம்மா, நானும் ஆமாம் போட்டேன். இன்னொரு தடவை கேட்பாய் என்று இரண்டு பேரும் இருந்தோம், நீ கேட்கவில்லை. அவள் உன் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்து மாட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாள். ஆகவே சுற்றி வளைக்காமல் நானே எழுதுகிறேன். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, தீபாவளிக்கு வந்துவிடு.

மாசாணித்தாய் உனக்குத் துணையிருப்பாள். வெள்ளிக்கிழமையை மறக்காதே. திரை சங்கதியை நான் எழுதியதாக அம்மாவிடம் சொல்ல வேண்டாம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஐயாசாமி