வெள்ளைக் கூரை

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே வெயில் கொஞ்சம் அதிகம். தகரக் கூரைக்குக் கீழே பக்கத்து அறைத் தச்சர் மயங்கி விழுந்தார், இப்போது தேறிவிட்டார். அதனால், சூடு குறையட்டும் என்று, வேலையில் மிஞ்சிய வெள்ளைப் பெயிண்டை நாங்கள் தங்கும் அறைகளின் கூரைகளுக்கு அடிக்கத் தொடங்கினோம். பாதியிலேயே மேஸ்திரி ஏறி வந்து, "யாரைக் கேட்டு அடிச்சீங்க? சுரண்டுங்கடா!" என்று கத்தினார்.

"செருப்பைக் கழட்டிட்டு, அடிக்காத பக்கம் ஒரு நிமிஷம் நில்லுங்க. அப்புறம் சுரண்டுறோம்" என்றேன்.

அவர் கழற்றவில்லை. எங்களையும் இறக்கிவிட்டு, ஏணியைக் கொண்டுபோய்ப் பூட்டி வைத்துவிட்டார்.

அப்பாவின் பட்டை பிரஷை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். கழுவ வேண்டாம், நம் வீட்டுச் சுவரின் நீலம் அதில் இருக்கட்டும்.

இன்னும் ஒன்பது கூரை பாக்கி. தச்சர் தோளைக் காட்டிக் குனிந்து நிற்கிறார், ஏறப் போகிறேன்.

உங்கள் மகன்