என்னிடம் மட்டும் சொன்னது

மாப்ள,

இன்று காலை கோர்ட்டில் கரண்ட் போய் ஜெனரேட்டரைப் போட்டார்கள். சமரச மையத்துக்குள் டீசல் வாடை வந்ததுமே உன் ஞாபகம் வந்துவிட்டது. சமரசம் பேச என்னெதிரே உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் எனக்காக ஒரு நிமிடம் காத்திருந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். சட்டக் கல்லூரியிலிருந்து உசிலம்பட்டிப் பக்கம் சட்ட உதவி முகாமுக்குப் போயிருந்தோம். அண்ணன் தம்பிக்குப் பொதுவில் ஒரு கிணறு. டீசல் இன்ஜின் அண்ணனுடையது. தம்பியின் மிளகாய்ச் செடி தண்ணீரில்லாமல் வாடிக்கொண்டிருந்தது.

அண்ணனைத் தனியே கூப்பிட்டு நான்தான் பேசினேன். "அவனா வந்து கேட்டா ரெண்டு நாள் கூடவே தண்ணி விடுவேன் தம்பி. நானா எறங்கி வந்தேன்னு மட்டும் அவனுக்குத் தெரியக் கூடாது" என்றார். எனக்கோ சீக்கிரம் முடித்துப் பெயர் வாங்குகிற அவசரம். நேரே தம்பியிடம் போய் உளறிவிட்டேன். அவன் ஊரார் முன்னாலேயே, "நீயே எறங்கி வந்துட்டியாமே" என்று சிரித்தான். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மதுரை ஆரப்பாளையம் வரும்வரை பஸ்ஸில் நீ என்னோடு பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் ஹாஸ்டல் அறைக்கு வந்து, "கெளம்பு மாப்ள, தப்பு உம்மேலன்னு அவருகிட்ட சொல்லணும்" என்றாய்.

"நம்மள யாருடா கேக்கப் போறா?"

"கேக்க ஆளில்லல்ல, அதுக்குத்தான் போகணும்."

கிறுக்கன் என்று உன்னைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன்.

"நீங்க நம்பிச் சொன்னத நான்தான் வெளிய சொல்லிட்டேன்" என்றேன். "இனிமே யாரும் எங்கிட்ட சமாதானம் பேச வர வேணாம்" என்றார் அண்ணன். பிறகு, "செடி என்ன பாவம் பண்ணுச்சு" என்று போய் இன்ஜினைப் போட்டார். தம்பி நிலத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. கூனிக் குறுகி நின்ற என் தோளில் நீ கை வைத்தாய்.

போன வருடம் ஆஸ்பத்திரியில், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி மருந்து வாங்கப் போயிருந்த நேரம், என் கையைப் பிடித்து ஒன்று சொன்னாய். "உன்னோட இருக்கட்டும் மாப்ள" என்றாய்.

உன் காரியம் முடிந்த அன்று தங்கச்சி கேட்டாள், "கடைசியா உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாராண்ணே?"

இல்லை என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. "சொன்னான்மா. எனக்கு மட்டும்னு சொன்னான்" என்றேன். முகம் வாடி உள்ளே போனாள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நீ சொன்னது பத்திரமாக இருக்கிறது, மாப்ள. இந்தக் கடிதம் யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று இதிலும் அதை எழுதவில்லை.